பேச்சுச் சிகிச்சை: ஊரையும் பெயரையும் கேட்குமுன் எண்ணிக்கையைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

"பிள்ளைக்கு எல்லாம் விளங்குது, கதைதான் வருகுதில்லை" என்று சொல்லிக்கொண்டு வைத்தியசாலைக்கும் தனியார் நிலையங்களுக்கும் அலையும் பெற்றோர் திருகோணமலை மாவட்டத்தில் குறைவில்லை. இவர்களுடைய பிள்ளைகளில் பெரும்பாலானோர் கொஞ்சம் பிந்திக் கதைப்பவர்கள். சிலருக்குக் காது கேட்பதில் சிக்கல், சிலருக்கு ஓட்டிசம். இன்னும் ஒரு சிறு தொகையினருக்கு இருப்பதுதான் அப்ராக்சியா என்னும் பேச்சு இயக்கக் குறைபாடு. ஆயிரம் பிள்ளைகளில் ஒருவருக்கோ இருவருக்கோ இது இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் சிகிச்சையைப் பிழையாகத் தெரிவு செய்தால் வருடக்கணக்கில் இழப்பு வருவது இந்தப் பிள்ளைகளுக்குத்தான். பொதுவான பேச்சுத் தூண்டல் இவர்களுக்குப் போதாது. சும்மா காத்திருந்தாலும் சரிவராது. ஆகவே பேச்சுச் சிகிச்சையோடு நெருங்கிய தொடர்புடைய நாங்கள், பெற்றோர் எதைப் பார்த்துச் சிகிச்சையைத் தெரிவு செய்யவேண்டும் என்பதை எழுதுகிறோம்.

அப்ராக்சியா உள்ள பிள்ளையின் நாக்கிலோ உதட்டிலோ பலவீனம் இல்லை. சொல்ல நினைக்கும் சொல்லும் மனதில் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குத் தாடை எவ்வளவு திறக்கவேண்டும், உதடு எந்தக் கணத்தில் மூடவேண்டும், நாக்கு எங்கே போகவேண்டும், குரல் எப்போது தொடங்கவேண்டும் என்ற ஒழுங்கை மூளை அமைத்து அனுப்புவதில்தான் பிசகு. 'ம்' வரும், 'ஆ'வும் வரும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் இடத்தில் வாய் தடுமாறும். சிகிச்சை வேலை செய்யவேண்டியது அந்த இடத்தில்தான். கீழே எழுதும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலச் சங்கம் 2007இல் வெளியிட்ட அறிக்கை மூன்று அடையாளங்களை முக்கியமாகச் சொல்கிறது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது பிழை ஒவ்வொரு தடவையும் மாறும், உயிரொலிகளும் பிழைக்கும். ஒலியிலிருந்து ஒலிக்கும் அசையிலிருந்து அசைக்கும் போகையில் இழுபடும், அறும். பேச்சின் ஏற்ற இறக்கம் இயல்பாக இராது. தமிழ்ப் பிள்ளையிடம் இவற்றை எப்படிக் காண்பது? 'பட்டம்' என்பதை ஒரு நேரம் 'பத்தம்' என்றும், இன்னொரு நேரம் 'மட்டம்' என்றும், பிறகு 'அட்ட' என்றும் சொன்னால் கவனியுங்கள். 'காகம்' எப்போதும் 'தாதம்', 'கண்' எப்போதும் 'தண்' என்றால் அது வேறு வகை ஒலிப்பிழை. அதற்கான சிகிச்சையும் வேறு. நேற்றுத் தெளிவாகச் சொன்ன சொல்லை இன்றைக்கு எவ்வளவு கேட்டும் சொல்ல முடியாமல் போவது, சொல்லத் தொடங்குமுன் உதடும் தாடையும் இடம் தேடி அசைவது, கைக்குழந்தையாக இருந்தபோது மழலை ஒலிகள் மிகக் குறைவாக இருந்தது ஆகியவையும் சந்தேகத்தை வலுப்படுத்தும். மூன்று வயதில் ர, ற, ழ வராதது ஒரு குறையே அல்ல. அதற்காக யாரும் பதறவேண்டாம். அந்த வயதில் அ, ஆ, இ, உ குழம்புவதுதான் கவனிக்கவேண்டியது.

எங்கள் உறவுப்பெயர்களே இதற்கு நல்ல உரைகல். 'அம்மா', 'அப்பா' இரண்டையும் சொல்லும் பிள்ளை 'அம்மம்மா', 'அப்பப்பா' என்பதையும் சமாளிக்கும். ஒரே அசைவு திரும்ப வருகிறது, அவ்வளவுதான். 'அப்பம்மா', 'அம்மப்பா' என்று வரும்போது உதடு மூடியபடியே ஒரு தடவை மூக்கால் விடவேண்டும், மறு தடவை மூக்கை அடைத்து விடவேண்டும். அப்ராக்சியா உள்ள பிள்ளை இங்கேதான் விழும். ஒரு நாள் 'அப்பப்பா' என்னும், அடுத்த நாள் 'அம்மம்மா' என்னும், பிறகு 'அபமா' என்று வந்து நிற்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து வீடுகளில் 'உம்மா' இலகுவாக வரும். 'வாப்பா'வில் கீழுதடு பல்லோடு சேர்ந்து விலகி, பிறகு இரண்டு உதடும் மூடவேண்டியிருப்பதால் அது பிந்தும். இந்தச் சொற்களைப் பிள்ளை வெவ்வேறு நேரத்தில் ஐந்து தடவை சொல்லும்போது கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டு போனால், மதிப்பீடு செய்பவருக்கு அது பெரிய உதவி. கிளினிக்கில் புது முகத்தைக் கண்டதும் பிள்ளை வாய் திறக்காமல் இருந்துவிடுவது வழக்கம்.

மதிப்பீட்டுக்கு முதல் காதைப் பரிசோதிக்கவேண்டும். கைதட்டினால் திரும்பிப் பார்க்கிறது என்பது பரிசோதனை ஆகாது. நடுக்காதில் நீர் கட்டியிருக்கும் பிள்ளைக்குக் கைதட்டல் கேட்கும். 'ச'வும் 'த'வும் மங்கிவிடும். குடும்பநல மருத்துவமாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொல்லி, பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் பதிந்து, சிறுபிள்ளை வைத்திய நிபுணரின் கடிதத்தோடு போனால் காதுப் பரிசோதனைக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் ஒரே ஓட்டத்தில் வழி கிடைக்கும். அங்கே சப்புவது, விழுங்குவது, வாணீர் வடிவது பற்றியும் கேட்பார்கள். தசைப் பலவீனத்தால் வரும் பேச்சுக் குறைபாட்டைப் பிரித்தறிய அந்த விபரம் தேவை. பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு 'அப்ராக்சியா' என்று எழுதிக்கொடுப்பதை நம்பவேண்டாம். உரிய மதிப்பீட்டில், பிள்ளை பிழைவிட்ட சொல்லைச் சிகிச்சையாளர் மெதுவாகத் தானும் சேர்ந்து சொல்லிக்காட்டி, உதவி கொடுத்தால் எவ்வளவு திருந்துகிறது என்று பார்ப்பார். அதற்குப் பிள்ளை ஓரளவாவது பார்த்துச் சொல்ல முயலவேண்டும். ஆகவே மூன்று வயதுக்கு முன் பெரும்பாலும் 'சந்தேகம்' என்றுதான் எழுத முடியும். சந்தேகம் என்று எழுதியிருந்தாலும் சிகிச்சையைத் தொடங்கலாம், தொடங்கவேண்டும். பெயர் உறுதியாகும்வரை காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

இனித் தெரிவுக்கு வருவோம். பெற்றோர் முதலில் கேட்பது "எந்த ஊரில் நல்ல ஆள் இருக்கிறார்?" என்பதைத்தான். கொழும்பில் பெயர்பெற்ற ஒருவரிடம் மாதம் ஒரு தடவை, 250 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து போகிறார்கள். மாதம் ஒன்று என்றால் வருடத்துக்கு 12 அமர்வு. சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 4 முதல் 12 வயதுவரையான 26 பிள்ளைகளுக்கு அதே 12 அமர்வைத்தான் கொடுத்தார்கள். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம். மூன்றே வாரத்தில் முடிந்தது. இரண்டு முறைகளை ஒப்பிட்டார்கள், இரண்டிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். நெருக்கமாகக் கொடுப்பது சும்மா வசதிக்காக அல்ல. உடல் அசைவு ஒன்றைப் பழகும் ஆரம்ப நாட்களில், நேற்றுப் பிடித்தது நழுவுமுன் இன்று திரும்பச் செய்யவேண்டும். மிருதங்கம் பழகும் பிள்ளை முதற்காலத்தில் தட்டித் தட்டிக் கை படிந்தபிறகே இரண்டாம் காலத்துக்குப் போகும். மாதம் ஒரு நாள் மட்டும் குருவிடம் போனால் முதற்காலத்திலேயே நிற்கும். அப்ராக்சியாவுக்கு வாரத்தில் மூன்று முதல் ஐந்து தனி அமர்வுகள் என்பதே துறையில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. சிறு பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம் நீளம். இருபது, முப்பது நிமிடம் போதும், ஆனால் அடிக்கடி வேண்டும். தூரத்து நிபுணரிடம் வருடத்துக்கு இரண்டு தடவை காட்டி ஆலோசனை பெறுவது நல்லது. வாராந்தச் சிகிச்சை பக்கத்திலேயே நடக்கவேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. குழுவாக ஐந்தாறு பிள்ளைகளை இருத்திச் செய்வது, பேச்சு வரத் தொடங்கியபிறகு பழக்கத்துக்கு உதவும், தொடக்கத்தில் உதவாது.

அடுத்த எண்ணிக்கை இதைவிட முக்கியம். ஓர் அமர்வுக்குள் பிள்ளையின் வாய் எத்தனை தடவை முயன்றது? படப்புத்தகம் பார்த்து, பந்து உருட்டி, பாட்டுப் பாடி முடிய அரை மணித்தியாலத்தில் பிள்ளை இருபது தடவை வாய் திறந்திருக்கும். மொழி வளர்ச்சிக்கு அது நல்ல வேலை, அப்ராக்சியாவுக்கு அல்ல. அரை மணித்தியாலத்தில் குறைந்தது நூறு முயற்சியாவது வரவேண்டும். 2011இல் இரண்டு பிள்ளைகளை வைத்துச் செய்து வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், ஒவ்வொரு பிள்ளைக்கும் சில ஒலிகளைப் பதினைந்து நிமிடத்தில் முப்பது, நாற்பது தடவையும், வேறு சில ஒலிகளை அதே நேரத்தில் நூறு தடவைக்கு மேலும் சொல்லவைத்துப் பார்த்தார்கள். அதிகம் சொன்னவையே விரைவாகப் பிடிபட்டன. இரண்டே பிள்ளைகள் என்பதால் அதையே முடிவாக எடுக்கமுடியாது; உடலசைவு பழகுவது பற்றித் தெரிந்த மற்ற எல்லாவற்றோடும் அது ஒத்துப்போகிறது. எண்ணுவது கடினம் அல்ல. கடற்கரையில் பொறுக்கிய பெரிய சிப்பிகள் இருபதை ஒரு கிண்ணத்தில் வையுங்கள். வாய்க்குள் போகாத அளவில் இருக்கட்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒன்றை மற்றக் கிண்ணத்தில் பிள்ளையே போடட்டும். ஐந்து சுற்று, நூறு. விளையாட்டும் அதுவே.

நல்ல அமர்வை வெளியிலிருந்து பார்த்தே அறியலாம். பெற்றோரை உள்ளே இருக்க விடுவார்கள். சிகிச்சையாளரின் முகம் பிள்ளையின் முகத்துக்கு நேரே, ஒரே உயரத்தில் இருக்கும். சொற்கள் குறைவு, கடுமையான நிலையில் ஐந்து அல்லது ஆறு. முதலில் இருவரும் ஒன்றாக, மெதுவாகச் சொல்வார்கள். தேவைப்பட்டால் தாடையையோ உதட்டையோ விரலால் தொட்டு வழிகாட்டுவார். அசைவு பிடிபட்டதும் சிகிச்சையாளர் குரலை எடுத்துவிட்டு வாயை மட்டும் அசைப்பார். அதன்பின் அவர் சொல்ல, பிள்ளை திரும்பச் சொல்லும். பிறகு அவர் சொல்லி இரண்டு, மூன்று விநாடி பொறுத்துப் பிள்ளை சொல்லும். கடைசியில் கேள்விக்குப் பதிலாகத் தானே சொல்லும். எங்காவது தடுமாறினால் ஒரு படி கீழே இறங்கி, திரும்ப ஏறுவார்கள். அமெரிக்காவில் எடித் ஸ்ட்ராண்ட் உருவாக்கிய டி.ரி.ரி.சி. என்ற முறையின் அடிப்படை இதுதான். சின்னப் பிள்ளைகளுக்கும், பேச்சே மிகக் குறைந்த பிள்ளைகளுக்கும் முதலில் கேட்கவேண்டிய முறை இது என்று நினைக்கிறோம்.

இங்கே அதிகம் நடக்கும் பிழை ஒன்று உண்டு. மெதுவாகச் சொல் என்றால் உடைத்துச் சொல்வது என்று விளங்கிக்கொள்கிறார்கள். 'வே' என்று நிறுத்தி 'ணும்' என்று சொல்லிக்கொடுத்தால், பிள்ளைக்குத் தெரிந்த இரண்டு துண்டையும் பழக்கி, தெரியாத இணைப்பை வெட்டி எறிந்ததாகிறது. 'வேஏஏணும்' என்று ஒலியை அறாமல் இழுக்கவேண்டும். வேகம் குறையலாம், தொடர்ச்சி குறையக்கூடாது. பிள்ளை ஒவ்வொரு அசையையும் தனித்தனியாக, ஒரே அளவில் ரோபோபோலச் சொல்லத் தொடங்கினால், கற்பித்த விதத்தை ஒருமுறை பாருங்கள்.

பின்னூட்டமும் அப்படித்தான். தொடக்கத்தில் ஒவ்வொரு முயற்சிக்கும் "உதட்டை மூடு", "வாயைப் பெரிசாத் திற" என்று அசைவைச் சொல்லவேண்டும். பிடிபட்டபிறகும் ஒவ்வொன்றுக்கும் 'வெரி குட்' போட்டுக்கொண்டிருந்தால் பிள்ளை தன் காதால் தன்னைத் திருத்தப் பழகாது. இரண்டு, மூன்று முயற்சிக்கு ஒரு தடவை, அதுவும் கொஞ்சம் பொறுத்து, சரியா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும். சொற்களும் அப்படியே: ஒரு சொல் புதிதாக இருக்கையில் அதையே தொடர்ந்து சொல்லவேண்டும், வரத் தொடங்கியதும் மற்றச் சொற்களோடு கலந்து கேட்கவேண்டும். கலக்காமல் விட்டால் கிளினிக்கில் வரும், வீட்டுக்கு வந்தால் வராது.

மற்ற முறைகளின் பெயர்களும் காதில் விழும். 'நஃபீல்ட்' இலண்டனில் உருவானது. மூன்று முதல் ஏழு வயதுவரையானவர்களுக்குத் தனி ஒலியிலிருந்து தொடங்கி, படங்களை வைத்து, வசனம்வரை கட்டிக்கொண்டு போகும். 'ரெஸ்ட்' சிட்னியில் உருவானது. நான்கு வயதுக்கு மேல், ஓரளவு கதைக்கும் பிள்ளைகளுக்குப் பொருளற்ற நீண்ட சொற்களைக் கொடுத்து இணைப்பையும் அழுத்தத்தையும் பழக்கும். மேலே சொன்ன 2015 ஆய்வு ஒப்பிட்டது இவை இரண்டையும்தான். உடனடி முன்னேற்றத்தில் நஃபீல்ட் முந்தியது, சிகிச்சை நின்றபிறகும் தாக்குப்பிடித்ததில் ரெஸ்ட் முந்தியது. 'புறொம்ட்' முகத்தைத் தொட்டு வழிகாட்டும் முறை. அதற்குத் தனிப் பயிற்சி உண்டு, பெற்றாரா என்று கேளுங்கள். வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் மீளாய்வு 2018இல் வந்தது. அதற்கு, பிள்ளைகளைக் குலுக்கல்முறையில் பிரித்துச் செய்த ஆய்வு என்று அகப்பட்டது அந்த 2015 ஆய்வு ஒன்றுதான். ஆகவே 'எங்கள் முறை மட்டுமே விஞ்ஞானம்' என்று எவராவது சொன்னால் அது மிகைப்படுத்தல். முறையின் பெயர் இரண்டாம் பட்சம். நெருக்கமான அமர்வு, நிறைந்த முயற்சி, அசைவைப் பற்றிய உதவி, படிப்படியாகக் குறையும் உதவி ஆகியவை இருக்கின்றனவா என்பதே முதற் கேள்வி.

இவை எல்லாம் ஆங்கிலச் சொற்களுக்காகச் செய்யப்பட்டவை என்பதைச் சிகிச்சையாளரும் மறக்கக்கூடாது. ரெஸ்ட் பழக்கும் வன்மை, மென்மை அழுத்தம் ஆங்கிலத்தில் சொல்லின் உயிர். தமிழில் அந்த இடத்தில் இருப்பவை குறிலும் நெடிலும், ஒற்றையும் இரட்டையும். 'கல்', 'கால்', 'பல்', 'பால்', 'புளி', 'புள்ளி' என்று சோடி சோடியாகப் பழக்குவதே எங்கள் மொழிக்குப் பொருந்தும். முதற் சொற்களையும் மொழிபெயர்த்த பட்டியலிலிருந்து எடுக்காமல் பிள்ளையின் வீட்டிலிருந்து எடுக்கவேண்டும். 'ஓம்' என்பது அருமையான முதற் சொல்: ஓர் உயிர், உதடு மூடினால் முடிந்தது, நாள் முழுக்கப் பயன்படும். 'தா', 'வா', 'போ', 'பூ', 'மாமா', 'மீன்', 'வேணாம்' என்று பிள்ளைக்கு உடனே ஏதாவது கிடைக்கும் சொற்களாக இருக்கட்டும். நிறங்களின் பெயரும் மிருகங்களின் பெயரும் பிறகு வரலாம்.

தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் கிடைத்தால் அவரே முதல் தெரிவு. கிடைக்காவிட்டால், சிங்களம் பேசும் சிகிச்சையாளரை ஒதுக்கிவிட வேண்டாம். இந்த வேலையைத் தெரிந்தவர் என்றால் அந்தக் கைதேர்ச்சி மொழி தாண்டியும் பயன்படும். அங்கே சொற்களைத் தெரிவதும், சொன்னது சரியா என்று காது கொடுத்துச் சொல்வதும் தாயின் பொறுப்பாக வேண்டும். 'வீட்டில் ஒரு மொழி மட்டும் கதையுங்கள், இங்கிலீசு மட்டும் கதையுங்கள்' என்ற புத்திமதியை ஏற்கவேண்டாம். இரண்டு மொழி அப்ராக்சியாவை உண்டாக்குவதில்லை. அம்மம்மாவோடு கதைக்கமுடியாத பிள்ளைக்கு பழக ஆள் ஒன்று குறையும்.

பணமும் காலமும் வீணாகும் இடங்களையும் சொல்லவேண்டும். ஊதுகுழல் ஊதுவது, மெழுகுதிரி அணைப்பது, ஸ்ட்ரோவால் உறிஞ்சுவது, நாக்கை இடமும் வலமும் ஆட்டுவது, கன்னத்தை மசாஜ் செய்வது ஆகியவை பேச்சைக் கொண்டுவரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காரணம் எளிது: தசை பலவீனமாக இல்லை, ஊதும்போது வாய் செய்யும் அசைவு 'பூ' சொல்லும்போது செய்யும் அசைவும் அல்ல. அமர்வில் பாதி நேரம் இதில் போனால் அந்த இடத்தை விட்டு வேறு இடம் பாருங்கள். நாக்குக் கட்டை வெட்டினால் கதை வரும் என்பார்கள். அப்ராக்சியாவுக்கு அது காரணமல்ல. வசம்பு உரைத்து நாக்கில் தடவுவது உறைக்கும், அவ்வளவுதான். இதற்கு மாத்திரையும் இல்லை. மீன் எண்ணெய்க் குளிசைகளைப் பேச்சு மருந்து என்று விற்பவர்களையும், இத்தனை நாளில் கதைக்கவைப்போம் என்று துண்டுப்பிரசுரம் அடிப்பவர்களையும் தவிருங்கள். நாள் குறித்து உறுதி தரக்கூடிய நிலை இது அல்ல. 'தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்' என்று சொல்லிப் பொறுத்திருக்கும் பெரியவர்களின் ஆறுதல் அன்பிலிருந்து வருவது. ஆனாலும் அந்த ஆறுதலில் போகும் ஒவ்வொரு வருடமும் பிள்ளைக்குத்தான் நட்டம்.

வீட்டுப் பயிற்சி ஐந்து நிமிடமாக, நாளுக்கு மூன்று, நான்கு தடவை நடக்கட்டும். அமர்வில் ஓரளவு சரியாக வரத் தொடங்கிய சொற்களை மட்டுமே வீட்டில் பழக்கவேண்டும். வராத சொல்லை வீட்டில் ஐம்பது தடவை பிழையாகச் சொல்லவைத்தால், பிழையான அசைவுதான் படியும். விருந்தாளிகள் முன் 'சொல்லு, சொல்லு' என்று வற்புறுத்துவது பிள்ளையின் வாயை இன்னும் பூட்டும். கேட்டுச் சொல்லவைப்பதைவிடத் தேவை வரும் இடத்தில் சொல்லவைப்பது மேல். மாங்காய்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு 'தா'வுக்குக் காத்திருக்கலாம். இரண்டு முயற்சிக்குள் வராவிட்டால் நீங்களே சொல்லிக் கொடுத்துவிடுங்கள், பிள்ளையை அழவிடவேண்டாம்.

பேச்சு வரும்வரை பிள்ளை தன் தேவையைச் சொல்ல வேறு வழி வேண்டும். தண்ணி, சோறு, கக்கூஸ், நோகுது, வேணாம், வெளியே போவம் என்று பத்துப் பன்னிரண்டு புகைப்படங்களை எடுத்து, லெமினேற் செய்து, கழுத்தில் மாட்டும் அட்டையாக்கலாம்; கைச்சைகைகளும் பழக்கலாம். படம் காட்டப் பழகினால் கதைக்காது என்ற பயம் வேண்டாம். படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதில்லை, பிள்ளையின் கோபமும் அழுகையும் குறையும். முன்பள்ளி ஆசிரியைக்கும் அந்த அட்டையின் ஒரு பிரதியைக் கொடுங்கள். முதலாம் தரத்துக்குப் போகும்போது வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் இந்தப் பிள்ளைகள் சிலர் தடுமாறுவார்கள். ஆசிரியருக்கு முதலிலேயே தெரிந்தால், படிக்காத பிள்ளை என்ற பெயர் வராது.

புல்மோட்டை, குச்சவெளி, ஈச்சிலம்பற்று, மூதூரின் உட்கிராமங்கள் ஆகிய இடங்களில் இருப்பவர்களுக்கு வாரத்தில் நான்கு நாள் பட்டினத்துக்கு வருவது நடக்காத காரியம். அவர்களுக்கு இரண்டு வழி சொல்லலாம். ஒன்று, பட்டினத்தில் உறவினர் வீட்டில் மூன்று வாரம் தங்கி நெருக்கமாக ஒரு சுற்றுச் செய்துவிட்டு, ஊருக்குப் போய்ப் பழக்கி, சில மாதத்தில் அடுத்த சுற்றுக்கு வருவது. மற்றது வீடியோ அழைப்பு. 2016இல் சிட்னியில் 5 பிள்ளைகளுக்கு ரெஸ்ட் முறையை இணையவழியில் கொடுத்துப் பார்த்தபோது பலன் கிடைத்தது. அவர்கள் கொஞ்சம் பெரிய பிள்ளைகள். மூன்று வயதுப் பிள்ளைக்கு முகம் தொட்டு வழிகாட்டப் பக்கத்தில் ஆள் வேண்டும். அந்த ஆள் தாயாக இருந்தால், எங்கே தொடுவது என்பதை முதல் சில அமர்வில் நேரிலேயே பழகிக்கொள்ளவேண்டும். தொலைபேசியைக் கையில் பிடிக்காமல் பிள்ளையின் வாய் மட்டத்தில் நிறுத்துங்கள். யன்னல் பிள்ளைக்கு முன்னால் இருக்கவேண்டும். பின்னால் இருந்தால் முகம் இருண்டு உதடு தெரியாது. மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் இரைச்சலில் 'ப'வும் 'ம'வும் பிரிந்து கேட்காது.

சிகிச்சை சரியாகப் போகிறதா என்று அறிய, தொடங்கும் நாளிலேயே இருபது சொற்களை வீடியோவில் பதியுங்கள்: பத்துப் பழக்கப்போகும் சொற்கள், பத்துப் பழக்காத சொற்கள். பன்னிரண்டு அமர்வு முடிய அதே இருபதையும் திரும்பப் பதியுங்கள். பழக்கியவை மட்டும் திருந்தியிருந்தால் வேலை நடக்கிறது, இன்னும் கலந்து பழக்கவேண்டும். பழக்காதவையும் திருந்தத் தொடங்கினால் மிக நல்லது. வாரத்தில் இரண்டு தடவையாவது போயும் மூன்று மாதத்தில் ஒரு சொல்லும் அசையவில்லை என்றால் சிகிச்சையாளரோடு மனந்திறந்து கதையுங்கள். சொற்கள் கடினமா, முயற்சி எண்ணிக்கை குறைவா, காதைத் திரும்பப் பார்க்கவேண்டுமா, நோயறிதல் வேறா? இந்தக் கேள்விகளுக்குக் காரணத்தோடு பதில் சொல்பவரை விட்டுப் போகவேண்டாம். சினப்பவரிடம் தொடரவும் வேண்டாம். அப்ராக்சியா மாதக்கணக்கில் முடியும் விடயம் அல்ல, பலருக்கு வருடங்கள் எடுக்கும். ஆகவே கேள்வி கேட்கக்கூடிய ஒருவரைத் தெரிவதே புத்தி.

கடைசியாக, கிழக்கு மாகாணச் சுகாதாரத் திணைக்களத்தினரிடம் ஒரு வேண்டுகோள். பேச்சுச் சிகிச்சையாளர்கள் குறைவு, வரிசை நீளம் என்பது எமக்குத் தெரியும். அதே ஆளணியைக் கொண்டே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அப்ராக்சியா என்று சந்தேகிக்கப்படும் பிள்ளைக்கு வருடம் முழுக்க மாதம் ஒரு திகதி கொடுப்பதற்குப் பதிலாக, அதே பன்னிரண்டு திகதிகளை மூன்று அல்லது நான்கு வாரத்துக்குள் அடுக்கிக் கொடுங்கள். பாடசாலை விடுமுறைக் காலத்தில் அப்படி ஒரு சுற்றை வைத்தால், தூரத்துப் பிள்ளைகளும் மூத்த சகோதரங்களோடு பட்டினத்தில் தங்கி வரமுடியும். கூடுதல் கட்டிடமோ கருவியோ தேவையில்லை. கிளினிக் திகதிப் புத்தகத்தை வேறுவிதமாக எழுதினால் போதும். தமிழில் சிகிச்சை அளிக்கக்கூடியவர்களை இம்மாவட்டத்துக்கு நியமிக்கும்போது, மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் வாரத்தில் ஒரு நாளாவது அவர்கள் போய்வர ஒழுங்கு செய்து தருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
பேச்சு, மொழிச் சிகிச்சையோடு தொடர்புடைய சிலர்,
திருகோணமலை.